நெடுந்தொலைவு ஓட்டமும் இளைப்பாறுதலும்

சூடான சோறு ஆறும், புண் ஆறும், துயருற்ற மனமும் ஆறும். இம்மூன்றுக்கும் ஒரே வினைச்சொல்லை வழங்கும் தமிழ், ஓடிக் களைத்த உடல் தெளிவதையும் 'இளைப்பாறுதல்' என்கிறது. நெடுந்தொலைவு ஓடியவர் உடலில் நிகழ்வதை நோக்கின் இச்சொல்லின் பொருத்தம் விளங்கும். அங்கே வெப்பமும் தணிய வேண்டும். புண்ணும் ஆற வேண்டும்.

மதுரைக்கு வடகிழக்கே உள்ள புதுக்கோட்டையைச் சேர்ந்த கோ. இலட்சுமணன், 2017 ஜூலை 6 அன்று புவனேசுவரத்தில் ஆசியத் தடகளப் போட்டியின் 5,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். ஜூலை 9 அன்று 10,000 மீட்டரிலும் அவருக்கே தங்கம். இடைப்பட்ட அவ்விரு நாள்களுக்கும் இவ்வெற்றியில் பங்குண்டு. நம் மாணவர்களோ பயிற்சி நாள்களையே எண்ணுகின்றனர். ஓய்வு நாள்களை எண்ணுவதில்லை.

ஓடும்போது கெண்டைக்கால் தசைகள் அடிக்கு அடி சுருங்கிக் குருதியை மேலேற்றுகின்றன. எல்லைக்கோட்டைக் கடந்ததும் சட்டென நின்றுவிட்டால் குருதி கால்களில் தேங்கி மயக்கம் வரும். ஆகவே பத்து நிமிடமேனும் மெல்ல நடத்தல் வேண்டும். மயங்கியவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலும் தெளிவார்.

ஆனால் உடல் அனலாகக் கொதித்து, பேச்சும் தடுமாறினால் அது வெறும் மயக்கமன்று. உயிர் குடிக்கும் வெப்பத்தாக்கு. கோடையில் 40 பாகை செல்சியசை எட்டும் மதுரைச் சமவெளியில் போட்டி நடத்துவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் கடமை. 108 ஊர்தி வரும்வரை காத்திராமல் குளிர்நீரில் அமிழ்த்தியோ, நீரை ஊற்றி விசிறியோ அக்கணமே குளிர்விக்க வேண்டும்.

தாகம் தீர அருந்துவதே நன்று. அளவின்றி நீர் குடிப்பதும் தீங்கே. 2002 ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஆய்வுக்குட்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குக் குருதியில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது மிகுதியாகக் குடித்து எடை கூடியவர்களிடமே இது மிகுதி. நம் உப்பிட்ட நீர்மோரை அளவாக அருந்தலாம்.

தசையில் சேமித்த மாவுச்சத்து மீண்டும் நிரம்ப ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். முதல் சில மணி நேரத்தில் உண்பது விரைவில் சேரும். கஞ்சி, வாழைப்பழம், இட்லி போதும். மதுரைத் தெருக்களில் விற்கும் கருப்பட்டி சேர்ந்த பருத்திப்பாலும் ஏற்றதே. விலை உயர்ந்த மாவுப் புட்டிகளை நாடவேண்டியதில்லை. தசைச் சீரமைப்புக்கு முட்டை, மீன், பருப்பு வேண்டும். உறக்கம் அதனினும் வேண்டும்.

மறுநாள் வரும் வலிக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்பது நெடுங்கால நம்பிக்கை. அவ்வமிலம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அகன்றுவிடும். தசைநார்களின் நுண்கிழிசலே வலிக்கு மூலம். அது ஒன்று முதல் மூன்று நாள்களில் உச்சமடையும். நீரிழந்த உடலில் வலிமாத்திரை சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். சிறுநீர் கடுங்காப்பி நிறமானால் தசை சிதைந்து குருதியில் கலக்கிறதெனக் கொண்டு மருத்துவரை உடனே நாட வேண்டும்.

வலி நீங்கிய நாளிலேயே கடும்பயிற்சிக்குத் திரும்புதல் ஆகாது. மாரத்தான் ஓடியவர் குருதியில் தசைச் சேதத்தைக் காட்டும் நொதி பல நாள்கள் உயர்ந்தே நிற்கும். அந்நாள்களில் வைகைக்கரையில் நடை போதும்.