பீரங்கியின் பிறப்பிடம்: பெட்டியோ தீவின் கடற்காப்பு அரண்கள்

அரணுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். நீர், வெட்டவெளி, மலை, காடு என்னும் நான்கையும் அரணின் உறுப்புகளாக அவர் எண்ணுகிறார். பசிபிக் பெருங்கடலில், இன்றைய கிரிபட்டி நாட்டின் தராவா பவளத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பெட்டியோ தீவுக்கோ நீரைத் தவிர வேறு இயற்கை அரண் இல்லை. அதன் நீளம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. உயரம் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே. இந்த மணல்திட்டை ஜப்பானியர் இரண்டாம் உலகப் போரின்போது எவ்வாறு அரணாக்கினர் என்பதையும், அங்குள்ள பீரங்கிகளைச் சிங்கப்பூரோடு இணைத்துப் பேசிய ஒரு கதையையும் இங்கு ஆராய்வோம்.

தீவின் நடுவே வானூர்தித் தளம் அமைந்தது. அதைக் காக்கவே கரையெங்கும் அரண்கள் எழுந்தன. மலையில்லாத நிலத்தில் கட்டுமானப் பொருளாகப் பயன்பட்டவை தென்னையும் பவள மணலுமே. தென்னந்தண்டு நார்த்தன்மை உடையது. குண்டு தாக்கினால் எளிதில் சிதறாது. ஆதலால் தண்டுகளை அடுக்கி, அவற்றின்மீது மணலைக் குவித்துப் பதுங்கறைகள் அமைத்தனர். முக்கியமான இடங்களில் கற்காரையும் பயன்பட்டது. கரையோரத்தில் தென்னந்தண்டுச் சுவர் எழுந்தது. இப்பணியில் ஈடுபட்டோருள் ஏறத்தாழ 1,200 பேர் கொரியத் தொழிலாளர்.

இவ்வரண்களுள் பெரியவை நான்கு 8 அங்குலப் பீரங்கிகள். அவை இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்டு இங்குக் கொண்டுவரப்பட்டவை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பீரங்கிகள் ஆங்கிலேயர் செய்தவை என்பது உண்மை. சிங்கப்பூரில் ஆங்கிலேயரின் கடற்காப்புப் பீரங்கிகள் இருந்தன என்பதும் உண்மை. இவ்விரு உண்மைகளையும் சான்றின்றி இணைத்ததால் பிழையான முடிவு பிறந்தது.

1974-இல் வில்லியம் பார்ட்ச் என்பவர் தீவுக்குச் சென்று, பீரங்கிகளில் பொறிக்கப்பட்ட குறிகளை ஆராய்ந்தார். கல்வெட்டறிஞர் கல்லில் உள்ள எழுத்தைப் படித்துக் காலத்தைத் தெளிவது போன்றதே இம்முறை. குறிகளை விக்கர்ஸ் நிறுவனத்தின் பதிவேடுகளோடு ஒப்பிட்டபோது, அவை 1905-இல், உருசிய-ஜப்பானியப் போர்க்காலத்தில், ஜப்பானுக்கு விற்கப்பட்டவை என்பது புலனாயிற்று. மேலும், சிங்கப்பூரின் பெரிய கடற்காப்புப் பீரங்கிகள் 15, 9.2, 6 அங்குல வகையினவே. 8 அங்குல வகை அங்கு இருந்ததில்லை என்பதே கதையை ஐயுறப் போதிய காரணமாகும்.

இனி, இவ்வரண்கள் போரில் எவ்வாறு பயன்பட்டன என்பதைக் காண்போம். திறந்த கடலை நோக்கிய தெற்கு, மேற்குக் கரைகளிலேயே ஜப்பானியர் மிகுந்த வலிமை சேர்த்திருந்தனர். 1943 நவம்பர் 20-இல் அமெரிக்கப் படை வடக்கே காயலின் வழியாக வந்தது. நீர்மட்டம் போதாமையால் படகுகள் பவளப்பாறையைக் கடக்க இயலவில்லை; வீரர்கள் குண்டுமழையினூடே நீரில் நடந்தே கரைசேர வேண்டியதாயிற்று. பெரும்பீரங்கிகளைக் காட்டிலும் தென்னந்தண்டுப் பதுங்கறைகளே அவர்களை நெடிது தடுத்தன. 76 மணி நேரப் போரில் அமெரிக்கர் ஏறத்தாழ 1,000 பேர் மாண்டனர். தீவில் இருந்த 4,500-க்கும் மேற்பட்டோருள் 17 ஜப்பானிய வீரர்களும் 129 கொரியத் தொழிலாளரும் மட்டுமே உயிருடன் பிடிபட்டனர்.

சிங்கப்பூரின் பீரங்கிகள் பற்றியும் ஒரு கதை உண்டு. அவை கடலையே நோக்கியிருந்தமையால் நிலவழியே வந்த பகைவரைச் சுட முடியவில்லை என்பர். உண்மையில் அவற்றுள் பல, நிலப்பக்கம் திரும்பிச் சுட்டன. ஆனால் பெரும்பீரங்கிகளுக்கென இருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கு உரியவை. தரைப்படைக்கு எதிராக அவை மிகுதியாகப் பயன்படவில்லை.

ஆசிரியர்கள் வகுப்பில் இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் பாடமாக்கலாம். பொருளில் உள்ள குறி என்ன சொல்கிறது, பதிவேடு அதற்கு உடன்படுகிறதா என மாணவர் கேட்கப் பழகவேண்டும். அவ்வாறு கேட்கும்போது பீரங்கியோடு நின்றுவிடாமல், அரண்களை எழுப்பிய கைகளையும் தேடுதல் நன்று. பீரங்கியின் பிறப்பிடத்தைக் கூற அதன்மேல் குறி இருந்தது. தென்னந்தண்டுகளைச் சுமந்த கொரியருக்கோ அப்படியொரு குறியும் இல்லை. அவர்களுள் பெரும்பாலோர் தாங்கள் கட்டிய அரண்களோடே மாண்டனர்.