உறுதிமொழியும் கடவுளும் பள்ளிப் பிள்ளையின் மௌனமும்

வகுப்புகள் தொடங்கும் முன் பள்ளி வளாகத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று சொல்லும் உறுதிமொழியும் பாடும் பாடலும், அரசுக்கும் குடிமக்களுக்கும் உள்ள உறவை முதன்முதலாகக் கற்றுத் தரும் சடங்குகளாக இருப்பதால், அவற்றின் சொற்களில் கடவுளுக்கு இடம் உண்டா என்ற கேள்வி பல நாடுகளில் நாடாளுமன்றத்தையும் நீதிமன்றத்தையும் எட்டியிருக்கிறது. இந்தியாவின் தேசிய உறுதிமொழியில் சமயச் சொல் எதுவும் இல்லாததால் இங்கே அந்தக் கேள்வி அதே வடிவில் எழவில்லை. ஆயினும் எவருடைய சமய உணர்வையும் புண்படுத்தாதது என்று உயர் நீதிமன்றம் கருதிய ஒரு பாடலைப் பாடாமல் நின்றதற்காகக் கேரளத்தில் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். சொற்களைத் திருத்துவது இந்தச் சிக்கலில் பாதியை மட்டுமே தீர்க்கும் என்பதையும், மறுபாதி அவற்றைச் சொல்லவைக்கும் கட்டாயத்தில் இருக்கிறது என்பதையும் திருவனந்தபுரத்தோடு தொடர்புடைய சில நிகழ்வுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

இரண்டு உறுதிமொழிகள்

இந்தியப் பள்ளிகளில் வழங்கும் உறுதிமொழியை எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் என்ற தெலுங்கு எழுத்தாளர். ஆந்திர அரசின் கருவூல அதிகாரியாக விசாகப்பட்டினத்தில் பணியாற்றியபோது, 1962-இல் அவர் அதைத் தெலுங்கில் இயற்றினார். அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் எம்.சி. சாக்ளா தலைமையில் 1964-இல் பெங்களூரில் கூடிய மத்தியக் கல்வி ஆலோசனைக் குழு அதை ஏற்றுக்கொண்டதைத் தொடர்ந்து, 1965 ஜனவரி 26 முதல் அது நாடெங்கும் பள்ளிகளில் பரவியது. நாட்டின் மீது அன்பு, அதன் பலவகை மரபுகளைப் பற்றிய பெருமிதம், பெற்றோர், ஆசிரியர், மூத்தோர் ஆகியோருக்கு மதிப்பு, நாட்டு மக்களின் நலத்தில் தன் மகிழ்ச்சியைக் காணுதல் ஆகியவற்றைப் பேசும் அந்த வாசகம், கடவுளைச் சாட்சிக்கு அழைப்பதும் இல்லை, அவருடைய அருளை வேண்டுவதும் இல்லை.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே 1892-இல் பிரான்சிஸ் பெல்லமி என்ற பாப்டிஸ்ட் பாதிரியார் எழுதிய உறுதிமொழியிலும் தொடக்கத்தில் கடவுள் இல்லை. நாத்திகத்தைக் கொள்கையாகக் கொண்ட சோவியத் ஒன்றியத்திலிருந்து தம் நாட்டை வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்ற பனிப்போர்க் கால எண்ணம் வலுத்தபோது, 1954 ஜூன் 14 அன்று குடியரசுத் தலைவர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தின் வழியாக, அந்த நாடு கடவுளின் கீழ் இருப்பது என்று பொருள்படும் சொற்கள் அதில் சேர்க்கப்பட்டன. அவற்றை நீக்கக் கோரிய வழக்குகள் அதன் பிறகு பலமுறை தொடுக்கப்பட்டும், 2004-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு, மனுதாரருக்கு வழக்காடும் தகுதி இல்லை என்ற காரணத்தால் மையக் கேள்விக்கு விடை கிடைக்காமலேயே முடிந்தது.

அரசியல் நிர்ணய சபையில் ஒரு வாக்கெடுப்பு

உறுதிமொழியில் கடவுள் இல்லாதது சுப்பாராவின் விருப்பத்தால் மட்டும் நேர்ந்தது என்று கொள்வதற்கில்லை. ஏனெனில் அரசின் பெயரால் எழுதப்படும் வாசகங்களில் கடவுளைச் சேர்க்கலாமா என்ற கேள்வியை அரசியல் நிர்ணய சபை முன்பே வெளிப்படையாக விவாதித்திருந்தது. 1949 அக்டோபர் 17 அன்று, அரசமைப்புச் சட்டத்தின் முகவுரை கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். அதை முதலில் எதிர்த்தவர்களுள் ஒருவர் திருவிதாங்கூரிலிருந்து சென்றிருந்த பட்டம் தாணு பிள்ளை. 1948-இல் திருவிதாங்கூரின் பிரதமராகவும் 1960 முதல் 1962 வரை கேரள முதலமைச்சராகவும் இருந்த அவர், தாம் கடவுள் நம்பிக்கை உடையவர்தான் என்றாலும், நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் உரிமை வழங்கும் ஒரு சட்டத்தில் இத்தகைய திருத்தம் நம்பிக்கை விஷயத்தில் கட்டாயம் செலுத்துவதாகிவிடும் என்று வாதிட்டார்.

எச்.என். குன்ஸ்ரூவும் இதே திசையில் பேசினார்; கடவுளை வாக்கெடுப்புக்கு உள்ளாக்க வேண்டாம் என்று பூர்ணிமா பானர்ஜி வேண்டிக்கொண்டார்; கடவுளைச் சொல்வதானால் தேவியை ஏன் விட வேண்டும் என்று ரோகிணி குமார் சௌத்ரி கேட்டார். காமத் விட்டுக்கொடுக்காததால் வாக்கெடுப்பு நடந்து, ஆதரவாக 41 பேரும் எதிராக 68 பேரும் வாக்களிக்க, திருத்தம் தோற்றது. பதவி ஏற்பவர்களுக்கான உறுதிமொழியில் மட்டும் வேறு வழி கையாளப்பட்டது: அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி ஒருவர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம் அல்லது கடவுளைக் குறிப்பிடாமல் உளமார உறுதி கூறலாம். இந்த இரண்டுக்கும் வெளியே மூன்றாவது வழி இல்லை என்பது, 2001-இல் கேரளச் சட்டமன்றத்தில் கொடுங்ஙல்லூர் உறுப்பினர் உமேஷ் சள்ளியில் ஸ்ரீ நாராயண குருவின் பெயரால் உறுதிமொழி எடுத்ததைக் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தபோது உறுதியாயிற்று. வளர்ந்த மக்கள் பிரதிநிதிகளுக்கு அளிக்கப்பட்ட இந்தத் தேர்வுரிமை, காலை வணக்கக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு எந்த விதியிலும் எழுதப்படவில்லை.

தமிழ்த்தாய் வாழ்த்தில் விடப்பட்ட வரிகள்

சமயச் சாயலுள்ள வாசகத்தைப் பொது வழக்குக்கு ஏற்பச் சுருக்கும் முறையைத் தமிழ் வாசகர்கள் தமிழ்த்தாய் வாழ்த்திலிருந்தே அறியலாம். அந்தப் பாடலை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1891-இல் வெளியான அவருடைய மனோன்மணீயம் நாடகத்தின் தொடக்கத்தில் தமிழைத் தெய்வமாக வணங்கும் பகுதியாக அது அமைந்தது. 1970-இல் தமிழக அரசு அதை அரசு விழாக்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் உரிய வாழ்த்தாக ஏற்றபோது, உலகங்களைப் படைத்துக் காத்து அழித்தும் தான் மாறாதிருக்கும் பரம்பொருளோடு தமிழை ஒப்பிடும் வரிகளும், வடமொழி வழக்கொழிந்ததாகக் கூறும் பகுதியும் விடப்பட்டன. அதற்கு முன் அரசு விழாக்களில் பாடப்பட்டுவந்த கடவுள் வாழ்த்துப் பாடல்களின் இடத்தில் எல்லாச் சமயத்தாரும் பாடக்கூடிய ஒரு பாடலை வைக்கும் முயற்சியாகவே அது கருதப்பட்டது. வந்தே மாதரம் பாடலின் முதல் இரு பகுதிகளை மட்டும் பாடுவது என்று காங்கிரஸ் 1937-இல் எடுத்த முடிவும் இதே வகையைச் சேர்ந்தது.

இத்தகைய திருத்தங்கள் பயனற்றவை அல்ல. பலருக்கு ஒவ்வாத சொல்லை நீக்குவதால் ஒரு பாடலை மேலும் பலர் மனமொப்பிப் பாட முடிகிறது. ஆனால் வாசகத்தை எவ்வளவுதான் சல்லடை போட்டுச் சலித்தாலும், பாடுவதையே வழிபாடாகக் கருதுகிற ஒருவருக்கு அது விடையாகாது. கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் எழுந்த வழக்கு உணர்த்தியது இதைத்தான்.

கிடங்கூர்ப் பள்ளியில் 1985

யெகோவாவின் சாட்சிகள் என்பது, யெகோவா என்ற பெயரால் அவர்கள் அழைக்கும் இறைவனைத் தவிர வேறு எதையும் வழிபடலாகாது என்று கொண்டு, கொடி வணக்கத்தையும் நாட்டுப்பண் பாடுவதையும் தவிர்க்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவு. இப்பிரிவைச் சேர்ந்த உடன்பிறந்த மூன்று பிள்ளைகள் கிடங்கூரில் நாயர் சர்வீஸ் சொசைட்டி நடத்திய உயர்நிலைப் பள்ளியில் படித்தனர். நாட்டுப்பண் பாடப்படும்போது அவர்கள் மற்றவர்களோடு எழுந்து மரியாதையாக நிற்பார்கள், பாட மாட்டார்கள். அவர்களுடைய அக்காள்மாரும் முன்பு அப்படித்தான் நடந்துகொண்டனர் என்றும், அதை யாரும் பொருட்படுத்தவில்லை என்றும் பின்னர் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது.

1985 ஜூலையில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இதைக் கவனித்து, நாட்டுப்பற்றுக்கு மாறானது என்று கருதி, திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலக வளாகத்தில் அப்போது இயங்கிய சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். அதன்பின் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம், பிள்ளைகள் சட்டத்துக்குப் பணிந்து நடப்பவர்கள் என்றும் நாட்டுப்பண்ணை அவமதிக்கவில்லை என்றும் அறிக்கை தந்தது. அப்படியிருந்தும், பள்ளிகளின் துணை ஆய்வாளர் கொடுத்த அறிவுறுத்தலின்படி தலைமையாசிரியை ஜூலை 26 முதல் அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கினார்.

இந்த நடவடிக்கைக்கு அரசு ஆதாரமாகக் காட்டியவை கேரளப் பொதுக் கல்வி இயக்குநர் வெளியிட்ட இரண்டு சுற்றறிக்கைகள், அதாவது சட்டமன்றம் இயற்றாத, துறை தனக்குக் கீழுள்ள அலுவலர்களுக்கு அனுப்பும் அறிவுறுத்தல்கள். 1961 செப்டம்பரில் வந்த முதலாவது, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்குமான நடத்தை நெறியைக் கூறியது. 1970 பிப்ரவரியில் வந்த இரண்டாவது, பாடம் தொடங்கும் முன் பள்ளி முழுவதும் நாள்தோறும் கூட வேண்டும், நாட்டுப்பண் பாடிய பிறகு அனைவரும் ஒரே குரலில் தேசிய உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று வரையறுத்தது. சமயச் சொல் இல்லாத உறுதிமொழியும் இவ்வாறு அனைவருக்கும் பொதுவான கடமையாக முன்வைக்கப்பட்டிருந்தது.

உச்ச நீதிமன்றம் மாற்றிக் கேட்ட கேள்வி

கேரள உயர் நீதிமன்றத்தில் முதலில் தனி நீதிபதியும் பிறகு இரு நீதிபதிகள் அமர்வும் பிள்ளைகளின் கோரிக்கையை ஏற்கவில்லை. நாட்டுப்பண்ணின் ஒவ்வொரு சொல்லையும் ஆராய்ந்த அமர்வு, எவருடைய சமய உணர்வையும் புண்படுத்தக்கூடிய சொல்லோ கருத்தோ அதில் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள மாநிலம் என்று அறியப்படும் இவ்வழக்கில் நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் 1986 ஆகஸ்ட் 11 அன்று வழங்கிய தீர்ப்பு, உயர் நீதிமன்றம் கேட்ட கேள்வியே தவறானது என்றது. பிள்ளைகள் பாடலின் சொற்களை மறுக்கவில்லை. எந்த மொழியில், எந்தச் சொற்களோடு அமைந்திருந்தாலும் நாட்டுப்பண் பாடுவதைத்தான் அவர்களுடைய நம்பிக்கை தடுத்தது.

அதன்பின் தீர்ப்பு மூன்று படிகளில் முன்னேறியது. முதலாவதாக, நாட்டுப்பண்ணை ஒவ்வொருவரும் பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பதையும் மட்டுமே குற்றமாக்குகிறது. மரியாதையோடு எழுந்து நிற்பவர் அதை மீறுவதில்லை. இரண்டாவதாக, 19-ஆவது பிரிவு தரும் பேச்சுரிமைக்குள் பேசாமலிருக்கும் உரிமையும் அடங்குவதால், அதைச் சட்டத்தால் மட்டுமே கட்டுப்படுத்த முடியும். சட்ட வலுவில்லாத துறைச் சுற்றறிக்கைக்கு அந்த ஆற்றல் கிடையாது. மூன்றாவதாக, 25-ஆவது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தைப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு வழங்குவதால், ஒரு நம்பிக்கை உண்மையாகவும் மனச்சாட்சியோடும் கொள்ளப்படுகிறதா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்க வேண்டுமே தவிர, அது நீதிபதியின் அறிவுக்கு ஏற்றதாக இருக்கிறதா என்பதை அல்ல. பிள்ளைகளை மீண்டும் பள்ளியில் சேர்க்கவும் அவர்கள் படிப்பைத் தொடர வழிசெய்யவும் நீதிமன்றம் ஆணையிட்டது.

இதே பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த வழக்கில் 1940-இல் பள்ளியின் பக்கம் நின்ற அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1943-இல் தன் நிலையை மாற்றிக்கொண்டு, எந்த மாணவரையும் உறுதிமொழி சொல்லக் கட்டாயப்படுத்தலாகாது என்று தீர்ப்பளித்திருந்ததை இந்திய நீதிபதிகள் விரிவாக எடுத்துக்காட்டினர். 1954-இல் கடவுளைச் சேர்த்த பின்னும் அங்கே உறுதிமொழி நிலைத்திருப்பதற்கு இந்த 1943 தீர்ப்பும் ஒரு காரணம். விரும்பாதவர் சொல்லத் தேவையில்லை என்பதைச் சுட்டிக்காட்டியே மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 2014-இல் அந்தச் சொற்களை அனுமதித்தது.

விருப்பம் என்பதன் எல்லை

விரும்பாதவர் சொல்ல வேண்டாம் என்ற விதியே போதுமானால், வாசகத்தில் எந்தச் சமயச் சொல்லையும் சேர்த்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். பள்ளியின் சூழல் அதற்கு இடம் தருவதில்லை. நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு நடுவில் ஒரு பிள்ளை மட்டும் வாய் திறவாமல் நிற்பது, ஆசிரியர்களின் பார்வைக்கும் உடன்படிப்பவர்களின் கேலிக்கும் தன்னை ஒப்புக்கொடுப்பதாகும் என்பதால், தாளில் விருப்பமாக எழுதப்பட்டது நடைமுறையில் கட்டாயமாக மாறிவிடுகிறது. இதை முன்னுணர்ந்தது போல அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் சமயப் போதனையே கூடாது என்கிறது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பிற நிறுவனங்களில், மாணவரின் சம்மதம் இன்றியும், அவர் சிறுவயதினராயின் பாதுகாவலரின் சம்மதம் இன்றியும், சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யலாகாது என்கிறது. உபநிடதத்திலிருந்து எடுக்கப்பட்ட வடமொழி வாசகம் கேந்திரிய வித்யாலயாக்களின் காலை வணக்கத்தில் ஓதப்படுவது இந்தப் பிரிவுக்கு முரணானதா என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் பெரிய அமர்வுக்குப் பரிந்துரைத்தது. பட்டம் தாணு பிள்ளையின் பெயரோடு ஒட்டிய, திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியிலும் ஒரு கேந்திரிய வித்யாலயா இயங்குகிறது என்பதால், 1949-இல் அவர் எழுப்பிய ஆட்சேபத்தின் பள்ளி வடிவம் அவருடைய ஊருக்கும் உரியதே.

மௌனமாக இருப்பவரின் உரிமை தீர்ப்பால் மட்டும் நிலைத்துவிடுவதில்லை என்பதும் திருவனந்தபுரத்தில் வெளிப்பட்டது. திரையரங்குகளில் நாட்டுப்பண் ஒலிக்க வேண்டும், அப்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 நவம்பர் 30 அன்று இடைக்கால ஆணை பிறப்பித்த சில நாட்களில், அந்நகரில் நடந்த கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் எழுந்து நிற்காத பார்வையாளர்கள் சிலர் கைது செய்யப்பட்டனர். ஆணையைத் திரும்பப் பெறும்படி நீதிமன்றத்தை அணுகியவற்றுள் கொடுங்ஙல்லூர்த் திரைப்படச் சங்கமும் ஒன்று. 2018 ஜனவரி 9 அன்று நாட்டுப்பண் ஒலிப்பதைத் திரையரங்குகளின் விருப்பத்துக்கு நீதிமன்றம் விட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில், தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்கச் சட்டப்படி கட்டாயம் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறிய சில நாட்களில், மாநில அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் நீங்கலாக அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று ஆணையிட்டது.

ஆகவே பள்ளி உறுதிமொழி பற்றிய விவாதத்துக்கு இரண்டு விடைகளும் சேர்ந்தே தேவைப்படுகின்றன. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்ல வேண்டியதாகக் கருதப்படும் வாசகம், அரசியல் நிர்ணய சபை 68 வாக்குகளால் காத்த நடுநிலையைக் கைவிடாமல் இருக்க வேண்டும். அந்த நடுநிலை வாசகத்தையும் சொல்ல மனம் ஒப்பாத பிள்ளை, மரியாதையோடு எழுந்து நிற்கும் வரை, வகுப்பறைக்குள் தன் இடத்தை இழக்கக் கூடாது. இரண்டாவது விடைக்குத் தீர்ப்பு உண்டு. ஆனால் ஒரு தலைமையாசிரியரின் மேசைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் சுற்றறிக்கைதான். பாட மறுப்பவரை என்ன செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கையே தெளிவாகக் கூறியிருந்தால், கிடங்கூர்ப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்ப உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்திருக்காது.