ஒளிபரப்புக்கும் ஒரு திருப்புதல் தேர்வு



நெடுங்காலம் ஆசிரியத் தொழிலில் இருந்தவனுக்கு எதைக் கண்டாலும் தேர்வு வைத்துப் பார்க்கத் தோன்றும். ஆகவே, இணையத்தின் வழியே ஓடும் வீடியோ ஒளிபரப்புகளுக்கும் தேர்வு உண்டு என்று அறிந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

இவ்விஷயத்தில் எனக்கு அக்கறை பிறந்தது 2020ஆம் ஆண்டில். பெருந்தொற்றினால் பள்ளிகள் அடைபட்டிருந்த காலம் அது. எங்கள் கோட்டுச்சேரிமேடு கடலை நம்பி வாழும் ஊர். ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் தந்தையின் பழைய கைப்பேசியுடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். ஏதோ ஒரு செயலியில் வடிவியல் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. “இந்தக் கோட்டைக் கவனியுங்கள்” என்றது ஆசிரியரின் குரல். படமோ ஒரு நிமிடத்திற்கு முன்பே உறைந்து நின்றுவிட்டது. “எந்தக் கோடு சார்?” என்று அவள் என்னைக் கேட்டாள். நான் என்ன சொல்வேன்?

அச்செயலியை ஆக்கியவர்கள் அதைச் சோதிக்காமலா வெளியிட்டிருப்பார்கள்? சோதித்திருப்பார்கள், புதிய கைப்பேசியில், விரைவான இணைப்பில்.

படம் ஏன் நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். இணையத்தில் வரும் படம் ஒரே நீண்ட சுருளாக வருவதில்லை. சில விநாடிகள் ஓடும் சிறு துண்டுகளாக அது நறுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் தெளிவானது, நடுத்தரமானது, மங்கலானது எனப் பல தரங்களில் சேமிக்கப்பட்டிருக்கும். இணைப்பின் வேகத்தை அளந்து, அடுத்த துண்டை எத்தரத்தில் கேட்பது என்று நம் கைப்பேசியில் உள்ள செயலியே முடிவு செய்கிறது. வேகம் குறைந்தால் படம் மங்கலாம்; நிற்கலாகாது. கையிருப்புத் துண்டுகள் தீர்ந்து, அடுத்தது வந்து சேராவிட்டால்தான் அந்தச் சுழலும் வட்டம் தோன்றுகிறது. ஒலியும் படமும் தனித்தனித் துண்டுகளாக வருவதும் உண்டு. பழைய கைப்பேசி, படத்தை விரித்துக் காட்டும் வலிமையின்றித் திணறுவதும் உண்டு. அவ்வேளைகளில் குரல் முன்னே போய்விடும். ஒலி ஏறக்குறைய 45 மில்லிவிநாடி முந்தினாலோ, 125 மில்லிவிநாடி பிந்தினாலோ மனிதர் அதனை உணரத் தொடங்குவர் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த கணக்கு. எங்கள் சிறுமிக்கு வாய்த்ததோ ஒரு முழு நிமிடம்!

இத்தகைய குறைகளைக் கண்டறிய முன்னாளில் சோதனையாளர் ஒருவர் அமர்ந்து, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார். 2004ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் ‘செலினியம்’ என்னும் கருவியை உருவாக்கினார்; இணையப் பக்கத்தை மனிதர் இயக்குவது போலவே அது இயக்கிற்று. எனினும் அதை ஏவ நிரல் எழுதத் தெரிய வேண்டும். இன்றைய குறைநிரல் கருவிகளிலோ, ஆயத்தமாக உள்ள கட்டங்களை வரிசைப்படுத்தினால் போதும். அல்லது ஒருமுறை செய்து காட்டினால் போதும். “பாடத்தைத் திற, பத்து நிமிடம் ஓட்டு, இணைப்பைக் குறை, படம் நிற்கிறதா பார்” என்று எழுதினால், செயற்கை நுண்ணறிவு அதைப் படித்துத் தானே படிகளாக்கிக் கொள்ளும். பொத்தான் இடம் மாறியிருந்தாலும் பெரும்பாலும் தேடிக் கண்டுபிடிக்கும். திரை கறுத்துவிட்டதா, ஒரே காட்சி அசையாது நிற்கிறதா, துணைவரி விடுபட்டதா என்று விடிய விடிய அலுப்பின்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆனால் ஒன்று. கரும்பலகையில் படம் வரைந்துவிட்டு, மாணவர் சிந்திக்கட்டும் என்று ஆசிரியர் அரை நிமிடம் பேசாது நின்றால், எந்திரம் அதையும் உறைந்த படம் என்று சொல்லக்கூடும். நல்ல ஆசிரியரின் மௌனத்திற்கும் பழுதான ஒளிபரப்புக்கும் உள்ள வேற்றுமையை அதற்கு யாரேனும் கற்பித்தாக வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘விமாஃப்’ என்னும் அளவுகோல், படத்தின் தெளிவுக்கு நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் இடுகிறது. அதுவும், மனிதர்கள் படம் பார்த்து இட்ட மதிப்பெண்களைக் கொண்டே பயிற்றுவிக்கப்பட்டது.

இனி நம் நாட்டிலேயே நடந்த ஒரு பெருந்தேர்வைச் சொல்கிறேன். 2019 ஜூலை 10 அன்று மான்செஸ்டரில் உலகக் கோப்பை அரையிறுதி ஆட்டம். ஹாட்ஸ்டார் செயலியில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தனர். தோனி ரன் அவுட் ஆனார். நம்மவர் பெருமூச்சுடன் வெளியேறினர். கூட்டம் கலைந்தால் சுமை குறையும் என்றுதானே நாம் எண்ணுவோம்? அவர்களோ ஒரே சமயத்தில் பின்செல்லும் பொத்தானை அழுத்தி, செயலியின் முகப்பில் வந்து குவிந்தார்கள்! வீடியோவைத் தரும் கணினிகள் ஓய்ந்தன. முகப்பை ஆக்கித் தரும் கணினிகளின் மேல் பெருஞ்சுமை வீழ்ந்தது. இப்படிப்பட்ட ஏற்ற இறக்கங்களுக்காகவே அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் ‘ஹல்க்’ என்று பெயரிட்டு, கணினிகளால் பொய்ப் பார்வையாளர்களைப் படைத்து, முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தார்கள். விக்கெட் விழுந்ததும் கூட்டம் எங்கே போகும் என்ற கேள்வி, ஆட்டம் பார்ப்பவர் மனம் அறிந்தவருக்கே தோன்றும். விடைத்தாள் திருத்துவதைவிட வினாத்தாள் அமைப்பது கடினம் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

திண்ணைக்கு வந்த அச்சிறுமி இன்று கல்லூரியில் கணினி பயில்கிறாள். சென்ற விடுமுறையில் ஒரு குறைநிரல் கருவியைக் கொணர்ந்து எனக்குக் காட்டினாள். பாடச் செயலி ஒன்றிற்கு என்னென்ன சோதனை வேண்டும் என்று அதனிடம் கேட்டோம். நொடியில் இருபது வரி எழுதித் தந்தது. நான் மெச்சினேன். அவள் மெச்சவில்லை. சற்று யோசித்து, இருபத்தொன்றாவது வரியைத் தானே எழுதினாள்: “பாடம் ஓடும்போது கடலிலிருந்து கரை நெருங்கும் அப்பாவின் அழைப்பு வருகிறது. கைப்பேசியை அம்மா வாங்கிக்கொள்கிறாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பக் கிடைக்கிறது. பாடம் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறதா?”

ஓட்டிப் பார்த்தோம். முதலிலிருந்து தொடங்கிற்று.