நான்கு மணி நேரமும் கோல்டொராக்கும்

எங்களில் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து ஓராண்டு கடந்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், ஒருவர் கட்டிலிலும் மற்றவர் அருகே நாற்காலியிலுமாக இருந்து வருகிறோம். செய்தித்தாள் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன்பின் இயந்திரத்தின் ஓசையும் சுவர்க் கடிகாரமுமே எங்களுக்குத் துணை.

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த சிற்றப்பா மகன் இதைக் கண்டு இரங்கி, கோல்டொராக் தொடர் முழுவதையும் எங்களிடம் கொடுத்துச் சென்றான். மாபெரும் இயந்திர மனிதனைப் பற்றிய ஜப்பானியச் சித்திரத் தொடர் அது. அறுபதை நெருங்கும் எங்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அவன் சிரிக்கவில்லை. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம் அவனுடையது; தந்தை சொல்தா. 1978 ஜூலை 3ஆம் நாள் ஆந்தென் 2 தொலைக்காட்சியில் இத்தொடர் தொடங்கியபோது அங்கே அவன் பள்ளிச் சிறுவன். மறு ஆண்டில் பாரி மாட்ச் வார இதழின் அட்டையிலேயே கோல்டொராக் இடம்பெறும் அளவுக்குப் பிரெஞ்சுப் பிள்ளைகள் அதில் மூழ்கிக் கிடந்தனர். அந்நாளில் எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டியே இல்லை. அவன் கொண்டுவந்த இரும்புப் பொம்மையை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்ததோடு சரி.

கோ நாகாய் படைத்த இத்தொடர் ஜப்பானில் 1975 முதல் 1977 வரை கிரெண்டைசர் என்னும் பெயரில் வெளிவந்தது. மொத்தம் 74 பகுதிகள். கோல்டொராக் என்பது பிரெஞ்சுக்காரர் சூட்டிய பெயர். 'கோல்ட்ஃபிங்கர்' என்பதையும், நாம் சித்திரக்கதைகளில் கண்ட மந்திரவாதி மாண்ட்ரேக்கின் பெயரையும் இணைத்து உருவாக்கியதாம். சிறுவயதில் பள்ளியில் கற்ற பிரெஞ்சு, துருப்பிடித்திருந்தாலும், கதையைப் பின்தொடரப் போதுமானதாக இருந்தது.

கதாநாயகன் ஆக்தாருஸ் ஓர் இளவரசன். தன் கோளை வேகா படையினர் அழித்தபின் பூமிக்குத் தப்பி வந்து, ஓர் அறிவியலாளரின் வளர்ப்பு மகனாகப் பண்ணையொன்றில் வேலை செய்கிறான். ஆபத்து வரும்போது பறக்கும் தட்டிலிருந்து கோல்டொராக்கின் தலைக்குள் இடம்பெயர்கிறான். அப்போது அவன் இருக்கை ஒருமுறை திரும்பி, காரணமேயின்றி மறுமுறையும் திரும்பும்! இதைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர் இன்றும் வேடிக்கை பேசுவதுண்டு. நாங்களும் ஒவ்வொரு முறையும் எண்ணிச் சிரித்தோம். செவிலியரும் எட்டிப் பார்த்து எண்ணத் தொடங்கினர்.

ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது அவனுடைய கை. போரில் கதிர்வீச்சினால் உண்டான காயம் ஒன்று அதில் இருக்கிறது. ஆறியதுபோல் தோன்றி மீண்டும் மீண்டும் வருத்துகிறது. ஊசி குத்திய கையை அசைக்காமல் நான்கு மணி நேரம் படுத்திருப்பவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அக்காட்சிகளில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதில்லை.

ஒரு விதி வகுத்துக்கொண்டோம்: அமர்வுக்கு இரண்டு பகுதிகள் மட்டும், வீட்டில் பார்ப்பதில்லை. (கைப்பேசியை ஊசியில்லாத கையால்தான் பிடிக்க வேண்டும், காதொலிப்பான் அணிந்திருந்தாலும் தலைசுற்றினால் உடனே செவிலியரை அழைக்க வேண்டும். இவ்விரண்டும் நாங்கள் திட்டு வாங்கிக் கற்றவை.)

மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, "இனி வரமாட்டேன், போதும்" என்று கட்டிலுக்குரியவர் கூறிவிட்டார். காலைவரை வாக்குவாதம் நடந்தது, அழுகையும் இருந்தது. மருத்துவர் கூறிய எச்சரிக்கைகளையெல்லாம் எடுத்துரைத்தும் பயனில்லை. அன்று போகவில்லை. மறுநாள் மாலை கால் வீங்கி, மூச்சு வாங்கத் தொடங்கியபோது, அவரே மெல்லிய குரலில் கேட்டார்: "தங்கை உயிரோடிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதா?" ஆட்டோ வரும்வரை நாங்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

தெரிந்துவிட்டது. இப்போது 72 பகுதிகள் முடிந்துள்ளன. இறுதியில் அண்ணனும் தங்கையும் தங்கள் கோளுக்கே திரும்புகின்றனர் என்பதைச் சிற்றப்பா மகன் தொலைபேசியில் உளறிவிட்டான். ஆயினும் எஞ்சிய இரண்டையும் வெள்ளிக்கிழமை அமர்வுக்கு வைத்திருக்கிறோம். அடுத்து எதைப் பார்ப்பது என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.