பொதுவாழ்வில் திருநங்கையர் எதிர்கொள்ளும் சிக்கல்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்பேட்டை வட்டத்திலுள்ள கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் 18 நாள் திருவிழா நடைபெறுகிறது. களப்பலியாகும் அரவானுக்கு மனைவியராகத் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் தாலியறுத்து வெள்ளைப்புடவை உடுத்துவதும் இதன் முதன்மைச் சடங்குகள். திருவிழா நாள்களில் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை ஊர்களில் அவர்களுக்குக் கிடைக்கும் வரவேற்பு, ஆண்டின் பிற நாள்களில் கிடைப்பதில்லை.

அன்றாடச் சிக்கல்கள்

வாடகைக்கு வீடு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வாடகை கூடுதலாகக் கேட்கப்படுவதுண்டு. பொதுக் கழிப்பறை, மருத்துவமனை வார்டு, பேருந்து இருக்கை ஆகிய மூன்றும் ஆண், பெண் என்றே பிரிக்கப்பட்டுள்ளதால் எங்குச் சென்றாலும் கேள்வி எழுகிறது. கேலிக்கு அஞ்சிப் பள்ளியை இடையில் விட்டவர்களுக்கு வேலைவாய்ப்பு குறைகிறது. கடைகளில் காசு கேட்பதும் பாலியல் தொழிலுமே பலருக்கு எஞ்சும் வழிகளாகின்றன.

ஆவணச் சிக்கல்

பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், வாழ்வில் வேறொரு பெயர் என்பதால் ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. வீட்டை விட்டு வெளியேறியவர்களிடம் முகவரிச் சான்றும் இருப்பதில்லை. கல்வராயன்மலைச் சிற்றூர்களில் உள்ளோர் ஒரு சான்றுக்காக மாவட்டத் தலைநகருக்கு இறங்கிவந்தால் அன்றைய கூலியை இழக்க நேரிடும்.

சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினியின் உதவி ஆய்வாளர் பணி விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2015-இல் அளித்த தீர்ப்பின் பின்னரே அவருக்கு அப்பணி கிடைத்தது.

சட்டமும் நலத்திட்டங்களும்

2008-இல் தமிழ்நாடு அரசு திருநங்கைகள் நலவாரியத்தை அமைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 22,364 பேர் ‘பிறர்’ எனப் பதிவாயினர். 2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. கல்வி, வேலை, குடியிருப்பு, மருத்துவம் ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 2019-இல் இயற்றப்பட்டு, 2020 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் திருநங்கையரும் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர்.

நடைமுறை இடைவெளி

சட்டம் பாகுபாட்டைத் தடுத்தாலும், வீடு தர மறுப்பவர் உண்மைக் காரணத்தைச் சொல்வதில்லை. "வேறொருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்" என்றே கூறுவார். இதை மெய்ப்பிப்பது கடினம். காவல்நிலையத்திலும் கேலி வரும் என்ற அச்சத்தால் பலர் புகார் கொடுப்பதையே தவிர்க்கின்றனர். எனவே, சட்டத்தின் பயன் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர், நடத்துனர், எழுத்தர், ஆசிரியர் போன்றோர் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தே அமைகிறது.