ஏப்பம் வந்துட்டா கேஸ்தானா?

இன்னிக்கு எபிசோடு ஒரு ஏப்பத்தைப் பத்தி.

ரெண்டு வருஷம் முன்னாடி, திண்டுக்கல்ல எங்க மாமா வீடு. ஞாயித்துக்கிழமை, சீரக சம்பா பிரியாணி. சாப்பிட்டு அரைமணி நேரத்துல மாமா நெஞ்சுக்குழியைத் தடவ ஆரம்பிச்சார். "கேஸ்தான் மாப்ள, ஒண்ணுமில்ல"ன்னு ஒரு ஃப்ரூட் சால்ட் பாக்கெட்டைத் தண்ணில கொட்டி, நுரையோட குடிச்சார். பெருசா ஒரு ஏப்பம். "பாத்தியா, வெளிய வந்துருச்சு!" எனக்கும் நிம்மதி. இன்ஜினியரிங்ல கெமிஸ்ட்ரி பேப்பர் பாஸ் பண்ணவன் நான். அந்த ஏப்பம் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிக்கவே இல்ல.

வயித்துல சுரக்குறது ஹைட்ரோகுளோரிக் அமிலம். காலி வயித்துல அதோட பிஹெச் சுமார் 1.5லிருந்து 3 வரைக்கும் இருக்கும். ரத்தத்தோட பிஹெச் 7.4. புரதத்தை வெட்டுற பெப்சினுக்கு இந்த அமிலம் கண்டிப்பா வேணும். அது உணவுக்குழாய்க்கு ஏறி வந்தாதான் நமக்கு எரிச்சல்.

சோடா உப்பு இந்த அமிலத்தோட சேர்ந்தா கிடைக்கிறது சாதாரண உப்பு, தண்ணி, கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிராம் சோடா உப்பு முழுசா வினைபுரிஞ்சா கால் லிட்டருக்கு மேல வாயு வரும். ஃப்ரூட் சால்ட்ல சோடா உப்போட சிட்ரிக் அமிலமும் இருக்கு, அதான் டம்ளர்லயே பொங்குது. பொங்கி அடங்குறதுக்குள்ள குடிச்சா மிச்ச வாயு வயித்துக்குள்ள போகும்.

அப்போ மாமா விட்ட ஏப்பம்? பெரும்பாலும் ரெண்டு நிமிஷம் முன்னாடி அவரே குடிச்ச வாயு. டெஸ்ட் கோடே ரிசல்ட்டை உருவாக்கிட்டு, அதையே 'பாஸ்'னு காட்டுற மாதிரி. கோலி சோடாவும் இதே கதைதான்.

ஜெலுசில், டைஜீன் மாதிரி மருந்துகள்ல இருக்கிற அலுமினியம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு வாயு விடாமலே அமிலத்தைக் குறைக்கும். (மெக்னீசியம் வயித்தை இளக்கும், அலுமினியம் கட்டும். அதான் ரெண்டையும் கலக்குறாங்க.) பான்டோபிரசோல் வேற ரகம். ஏற்கனவே சுரந்த அமிலத்தைத் தொடாது, சுரக்குற பம்பையே நிறுத்தும். அதனாலதான் சாப்பாட்டுக்கு முன்னாடி போடச் சொல்றாங்க.

இனிமேதான் விஷயமே. இதயத்தோட அடிப்பக்கம் உதரவிதானத்து மேல உக்காந்திருக்கு, அதுக்குக் கீழ வயிறு. இதயத்தோட வலி நரம்புகளும் உணவுக்குழாயோட வலி நரம்புகளும் தண்டுவடத்துல கிட்டத்தட்ட ஒரே இடத்துல வந்து சேருது. வலி எதிலிருந்து வருதுன்னு மூளையால சரியா பிரிக்க முடியாது. அதனால ஆன்டாசிட் குடிச்சு வலி குறைஞ்சாலும், அது இதயம் இல்லைன்னு ஆகிடாது. கூடவே வியர்வை, மூச்சு வாங்குறது, தாடைக்கோ கைக்கோ வலி பரவுறது இருந்தா உடனே 108, உடனே ஈசிஜி. சர்க்கரை இருக்கறவங்களுக்கு வலி லேசா மட்டும்கூட இருக்கலாம்.

அன்னிக்குக் கண்டுபிடிச்சது அத்தைதான். ஃபேன் ஓடுது, மாமா சட்டை நனைஞ்சிருக்கு. பிரியாணி காரம்னு நான் நெனச்சேன். "கேஸுக்கு யாராச்சும் இப்படி வேர்ப்பாங்களா?"ன்னு கேட்டு, என்னை ஆட்டோ பிடிக்க விரட்டினாங்க. 108க்குக் கூப்பிட்டிருக்கணும், எனக்குத் தோணல. ஈசிஜில ஹார்ட் அட்டாக். அன்னிக்கு ராத்திரியே மதுரையில ஸ்டென்ட் வெச்சாங்க.

மாமா இப்போ நல்லா இருக்கார். பிரியாணியும் சாப்பிடறார், கொஞ்சமா. அந்தப் பாக்கெட்டுகளை மட்டும் அத்தை எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்காங்க.