பொதுக் கிடங்கில் ஒரு சட்டை

கடைவீதியும் இல்லாமல், உழைப்புக்குக் கூலியும் வாங்காமல் ஜனங்கள் திருப்தியாக வாழ முடியுமா என்ற கேள்வியை, கலிலேயாக் கடலின் தென்கரையில் 1910-ஆம் ஆண்டு தெகானியா என்ற குடியேற்றத்தை ஸ்தாபித்த யூத இளைஞர்கள் தங்கள் வாழ்க்கையிலேயே பரீட்சித்துப் பார்த்தார்கள். 'கிப்புத்ஸ்' எனப் பெயர் பெற்ற இத்தகைய கூட்டுக் குடியிருப்புகள் விளைபொருளை வெளியுலகச் சந்தையில் விற்றனவென்றாலும், வந்த பணம் பொதுக் கஜானாவைச் சேர்ந்ததேயன்றி, உள்ளே ஒருவருக்கும் சம்பளம் கிடையாது.

உணவில் அதிகச் சிக்கல் எழவில்லை. பொதுப் போஜன சாலையில் எல்லோரும் உண்டார்கள். சங்கடம் துணியில் பிறந்தது. ஆரம்ப காலத்தில், சலவைக்குப் போட்ட சட்டை அவரவருக்கே திரும்பி வரும் என்ற நிச்சயமில்லை. உடம்புக்கு ஏறக்குறையப் பொருந்துவது எதுவோ அதைப் பொதுக் கிடங்கிலிருந்து வாங்கி உடுத்திக்கொண்டார்கள். தனக்கென்று ஒரு சட்டை வேண்டுமென்பதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கும் நாளடைவில் வரவில்லை போலும், துணியில் அடையாளமிட்டு உரியவருக்கே கொடுக்கும் வழக்கம் பரவியது. பின்னர் ஆளுக்கு இத்தனை உருப்படி என்றார்கள். அதற்கும் பின்னர் உடைக்கென்று ஒரு தொகையை ஒதுக்கினார்கள். முடிவில், உடைக்கான தொகையை மிச்சப்படுத்தி நாற்காலிக்கோ பிரயாணத்துக்கோ செலவழிக்கவும் பல இடங்களில் அனுமதி கிடைத்தது.

அறையில் சொந்தமாகத் தேநீர்க் கெண்டி வைத்துக்கொள்ளலாமா என்பதும் ஒரு காலத்தில் காரசாரமான விவாதமாயிற்று. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அவர்களுடைய பயத்தை அறியாதவர்கள்: அறைக்குள்ளேயே தேநீர் கிடைத்தால் மாலையில் போஜன சாலைக்கு யார் வருவார்கள், கூடிப் பேசுவது யார்? பயம் நியாயமானதுதான், தடைதான் நிலைக்கவில்லை.

சந்தையில் பொருள் வாங்குகிறவன் காசைக் கொடுத்தால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயோ, படிக்கப் போக விரும்பினாலும், வழக்கத்துக்கு மாறான ஒன்றை வேண்டினாலும், தினமும் முகம் பார்த்துப் பழகும் அண்டை வீட்டாரே அங்கத்தினராயுள்ள கமிட்டியின் முன்னே தன் அபிலாஷையை வாய்விட்டு எடுத்துரைத்து, அவர்கள் ஒப்பும்படி நியாயமும் காட்டவேண்டியிருந்தது. வறுமையைவிட இந்தக் கூச்சமே பலரை வாட்டியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். 1950-களில் மேற்கு ஜெர்மனி நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு நஷ்டஈடு வழங்கியபோது, அந்தப் பணத்தையும் பொதுக் கஜானாவில் சேர்ப்பதா என்ற கேள்வி பலர் மனத்தைப் புண்படுத்தியது.

1980-களில் கடனும் வட்டியும் கிப்புத்ஸ்களை நெருக்க, பின்னர் அவற்றில் பல ஒவ்வொன்றாகச் சம்பள முறைக்கு மாறின. தெகானியாவும் 2007-இல் மாறியது. அங்கத்தினர் வேலைக்கேற்ற ஊதியத்தைத் தாங்களே பெற்று, நலிந்தவர்களுக்கென்று அதிலிருந்து ஒரு பகுதியைப் பொதுவுக்குச் செலுத்துகிறார்கள்.